எட்னாவா, சாண்டோரினியா, வெசுவியஸா? எரிமலைச் சரிவு ஒயின்களில் எந்தச் சாப்பாட்டுக்கு எது

"எரிமலை மண்ணில் விளைந்த ஒயின் ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எட்னாவில் தொடங்கவா, சாண்டோரினியில் தொடங்கவா?" ஒயினைப் பற்றி எழுதுகிறவர்களை இப்போதெல்லாம் விடாமல் துரத்துகிற கேள்வி இது. கேட்கிறவர்கள், ருசி ஏறக்குறைய ஒன்றுதான், ஊர் மட்டும் வேறு என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள எட்னா மலையின் சிவப்பையும் கிரேக்கத் தீவான சாண்டோரினியின் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்தால் இரண்டுக்கும் எந்த உறவும் இருப்பதாகத் தோன்றாது. ஒன்று மெல்லிய நிறம், கெட்டியான துவர்ப்பு. இன்னொன்று எலுமிச்சைப் புளிப்பும் கடல் உப்புமாக இருக்கும்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். தட்டில் என்ன இருக்கப் போகிறது? பாட்டிலை எப்போது திறக்கப் போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த மலை என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

## எரிமலை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை

எரிமலை மண் என்று ஒரே மண் கிடையாது. எட்னாவில் வெவ்வேறு காலத்தில் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு பொடிந்து கறுப்பு மணலாகக் கிடக்கிறது. சாண்டோரினியில் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த வெளிறிய மண். ஊர்க்காரர்கள் அதை அஸ்பா என்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரையருகே உள்ள ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில் பிக்கோன் எனப்படும் கறுப்புச் சரளை. போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளில் ஒன்றான பிக்கோவில் பல இடங்களில் மண் என்று சொல்லவே எதுவும் இல்லை, பசால்ட் பாறையின் வெடிப்புக்குள் கொடியை நடுகிறார்கள்.

கல்லின் ருசி நேராக ஒயினுக்குள் இறங்குகிறது என்பது விற்பனைப் பேச்சு. வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்திருக்கும் மிகச் சிறிய அளவு தாது உப்புகளை. கல்லின் ருசியை நாக்குக்குக் காட்டிக்கொடுக்க அந்த அளவு போதாது. சில பாட்டில்களில் தீக்குச்சி உரசினாற்போல் ஒரு வாசனை வரும், உடனே "ஆகா, எரிமலை!" என்பார்கள். அது நொதிக்கும்போது காற்றுப் படாமல் வைப்பதால் உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் வேலை. எரிமலையே இல்லாத ஊரிலும் அதே வாசனையை வரவழைக்கலாம்.

எரிமலை உண்மையில் தருவது வேறு. தண்ணீர் தேங்காத, சத்துக் குறைந்த மண் என்பதால் கொடி அடக்கமாகக் காய்க்கிறது. மலைச்சரிவின் உயரம் பகல் வெயிலோடு இரவுக் குளிரையும் தருகிறது, பழத்தின் புளிப்பு கரைந்துபோகாமல் தங்குகிறது. அப்புறம் ஃபிலாக்ஸெரா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வாரிச் சுருட்டிய இந்த வேர்ப்பூச்சியால் மணலில் பரவ முடிவதில்லை. களிமண் ஏறக்குறைய இல்லாத சாண்டோரினி முழுவதும், எட்னாவின் மணற்பாங்கான துண்டுகளிலும், பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் பழங்கொடிகள் இன்னும் இருப்பது அதனால்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

புளிப்பு. தட்டில் உள்ள புளிப்பைவிட ஒயினின் புளிப்பு ஒரு படி மேலே நிற்க வேண்டும். தக்காளியும் எலுமிச்சையும் தூக்கலான சாப்பாட்டோடு புளிப்புக் குறைந்த ஒயினை வைத்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். எண்ணெயில் பொரித்ததற்கும் நல்ல புளிப்பு வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் நாக்கைக் கழுவிவிடும்.

துவர்ப்பு. சிவப்பு ஒயினில் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அதை அடக்கும். காரத்தோடு சேர்ந்தால் எரிச்சல் கூடும், ஆல்கஹால் மிகுந்த ஒயின் என்றால் இன்னும் மோசம். மீனோடு சிவப்பு ஒயின் சில சமயம் வாயில் கவிச்சையாக முடிவதற்குத் துவர்ப்பு மட்டும் காரணம் அல்ல. ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு மீன் கொழுப்போடு வினைபுரிந்து அந்த நாற்றத்தைக் கிளப்புகிறது. ஒரே ரகத்திலேயே ஒரு பாட்டில் மீனோடு ஒத்துப்போகும், இன்னொன்று போகாது. இரும்பின் அளவு வேறுபடுவது அதற்கு ஒரு காரணம்.

காத்திருப்பு. வாங்கிய அன்றே திறக்கலாமா, சில வருடம் படுக்கவைக்க வேண்டுமா? விலைச்சீட்டில் தெரியாத செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பத்திரமாக வைக்கக் குளிர்ந்த இருட்டான இடம் இல்லையென்றால், வைத்துக் குடிக்க வேண்டிய ஒயினுக்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண்.

லேபிள் குழப்பம். எந்தச் சொல் இருந்தால் அது அசல் மலைச்சரிவு, எந்தச் சொல் இருந்தால் பக்கத்துச் சமவெளி என்று தெரிந்துகொள்வது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான்.

| ஒயின் | புளிப்பு | துவர்ப்பு | எப்போது திறக்கலாம் | எதனோடு நன்று | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|---|
| எட்னா சிவப்பு | அதிகம் | நடுத்தரத்துக்கு மேல் | 3 முதல் 10 வருடம் | பன்றி இறைச்சி, தொத்திறைச்சி, காளான், கத்தரிக்காய் | மென்மையான வெள்ளை மீன், மிளகாய்க் காரம் |
| எட்னா வெள்ளை | அதிகம் | இல்லை | உடனே. மிலோ ஊரில் விளைந்தது என்றால் பொறுக்கலாம் | மத்தி, இறால், பிஸ்தா சேர்ந்த பாஸ்தா | இனிப்புச் சாறு ஊற்றிய உணவு |
| சாண்டோரினி வெள்ளை | மிக அதிகம் | இல்லை (ஆனால் பிடிப்பு உண்டு) | 2 முதல் 8 வருடம் | சுட்ட ஆக்டோபஸ், பொரித்தவை, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி | பாலேடு மிகுந்த மென்மையான உணவு |
| வெசுவியஸ் சிவப்பு | நடுத்தரம் | குறைவு | உடனே | தக்காளி பாஸ்தா, பிட்சா, தக்காளியில் வெந்த ஆக்டோபஸ் | கனத்த சுட்ட இறைச்சி |
| லான்சரோட்டே மல்வாசியா | நடுத்தரம் | இல்லை | உடனே, 3 வருடத்துக்குள் | உப்புநீரில் வெந்த உருளைக்கிழங்கு, மோஹோ (பூண்டு மிளகாய்ச் சட்னி), ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி | கடும் புளிப்புள்ள தக்காளி |
| பிக்கோ வெள்ளை | மிக அதிகம் | இல்லை | உடனே அல்லது 5 வருடம் | சிப்பி வகைகள், சாவோ ஜோர்ஜ் பாலாடைக்கட்டி | கிடைப்பதே சிரமம் |

வருடக் கணக்கைப் பொதுவான வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

## எட்னா: ஒரே மலை, பல முகம்

ஐரோப்பாவின் மிக உயரமான உயிருள்ள எரிமலை எட்னா, 3,300 மீட்டருக்கு மேல். இன்றும் அடிக்கடி கக்குகிறது. 1981இல் வடக்குச் சரிவில் ஓடிய குழம்பு ரந்தாட்ஸோ ஊரை ஒட்டி வந்து நின்றது, வழியில் இருந்த தோட்டங்களை விழுங்கிவிட்டது. திராட்சை பெரும்பாலும் 400 முதல் 1,000 மீட்டர் உயரத்தில், வடக்கு, கிழக்கு, தெற்குச் சரிவுகளைச் சுற்றி அரைவட்டமாக இருக்கிறது. 1968இல் இதற்குப் புவிசார் அங்கீகாரம் கிடைத்தது, சிசிலியில் அதைப் பெற்ற முதல் சில ஒயின்களில் ஒன்று.

சிவப்புக்கு நெரெல்லோ மஸ்காலேசே என்ற திராட்சை. "எட்னா ரோஸ்ஸோ" என்று லேபிள் போட இது குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், மீதியில் பெரும்பாலும் நெரெல்லோ கப்புச்சோ. இந்தப் பழம் மெதுவாகப் பழுக்கும். சிசிலியின் சூடான சமவெளிகளில் அறுவடை எப்போதோ முடிந்திருக்கும், இங்கே அக்டோபரில்தான் கூடையைத் தூக்குவார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாந்துபோகக் கூடாது. கண்ணாடிக்கு அப்பால் விரல் தெரிகிற அளவுக்கு வெளிறியிருக்கும், வாயில் வைத்தால் ஈறு இழுக்கும். புளிச்ச செர்ரி, காய்ந்த மூலிகை, லேசான புகை.

இதற்கு அதே மலையின் சாப்பாடு போல வேறு பொருத்தம் இல்லை. லிங்குவாகுளோஸா ஊரில் மரக்கட்டை மேல் கையால் கொத்திச் செய்யும் பன்றித் தொத்திறைச்சி, நெப்ரோதி மலையின் கறுப்புப் பன்றி, இலையுதிர் காலத்துக் காட்டுக் காளான். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கட்டானியாவின் பாஸ்தா அல்லா நோர்மாவில் பொரித்த கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்ட ரிக்கோட்டா மூன்றும் சேர்கின்றன. கத்தரிக்காய் குடித்த எண்ணெய் துவர்ப்பை அடக்கும், தக்காளிக்கு ஒயினின் புளிப்பு ஈடுகொடுக்கும், உப்புப் பாலாடை கசப்பை மறைக்கும். ஒரே தட்டில் மூன்று கணக்கும் நேராகும் இடம் அரிது. கப்போனாட்டா என்ற சிசிலியக் கத்தரிக்காய்க் கூட்டு மட்டும் வேண்டாம். அதில் சர்க்கரையும் வினிகரும் கைகோத்து ஒயினைக் கசப்பாக்கிவிடும், அதற்கு எட்னாவின் ரோசே (இளஞ்சிவப்பு ஒயின்) பரவாயில்லை.

வெள்ளைக்குக் கரிகாந்தே. சாதாரண எட்னா பியாங்கோவில் இது குறைந்தது 60 சதவீதம். "சுப்பீரியோரே" என்றால் 80 சதவீதம், அதுவும் கிழக்குச் சரிவின் மிலோ ஊரில் விளைந்ததாக இருக்க வேண்டும். மிலோ அயோனியக் கடலைப் பார்த்திருக்கும் பக்கம், மழையும் மேகமும் அதிகம். இளசாக இருக்கும்போது அதன் வெள்ளை கூச்சம் பிடித்தது, எலுமிச்சைத் தோலும் தண்ணீரும் போலத்தான் இருக்கும். நாலைந்து வருடம் போனால் தேன், கெமொமில் பூ, கொஞ்சம் பெட்ரோல் வாசனை எல்லாம் வெளிவரும். என்னைக் கேட்டால் எட்னாவின் உண்மையான அருமை சிவப்பில் இல்லை, மிலோவின் வெள்ளையில்தான். பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, இருக்கட்டும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது "கொன்த்ராதா" என்ற சொல். எட்னாவின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பேர் உண்டு, நூற்றுக்கும் மேற்பட்டவை லேபிளில் போட அனுமதி பெற்றவை. பேர் ஏறினால் விலையும் ஏறும். 2000க்குப் பிறகு வெளியிலிருந்து வந்தவர்கள் நிலம் வாங்கிக் குவித்ததில் இந்தப் போக்கு இன்னும் வேகமெடுத்தது. முதல் பாட்டிலுக்கு கொன்த்ராதா தேவையில்லை. நல்ல தயாரிப்பாளரின் வெறும் "எட்னா ரோஸ்ஸோ" போதும், அதில்தான் பல சரிவுகளின் பழம் கலந்து சமநிலையாக இருக்கும். இரண்டாவது, நேரம். இளசான ரோஸ்ஸோவைத் திறந்தவுடன் ஊற்றினால் துவர்ப்பு முன்னால் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் முன்பே திறந்து வாயகன்ற குடுவையில் ஊற்றி வைக்க வேண்டும். அப்புறம் சூடு. 16 டிகிரி செல்சியஸ் சுமாராக இருந்தால் நல்லது. அறைச்சூட்டில் விட்டால் ஆல்கஹால் மூக்கில் ஏறும்.

## சாண்டோரினி: புளிப்பும் உப்பும் வேண்டுமென்றால்

வெண்கலக் காலத்தின் பிற்பகுதியில் நிகழ்ந்த மாபெரும் வெடிப்பில் இந்தத் தீவின் நடுப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. மிச்சமிருக்கும் பிறைவடிவ நிலத்தில் சாம்பல் போர்வை. மழை மிகக் குறைவு, கோடையில் ஏறக்குறைய இல்லவே இல்லை. கடலிலிருந்து இரவில் ஏறும் ஈரப்பதத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, கொடி அதை நம்பி வாழ்கிறது. மெல்தெமிக் காற்று மணலை அள்ளி வீசும் என்பதால் கொடியை நிமிர்ந்து வளரவிடுவதில்லை. தரையோடு தரையாகக் கூடை போலப் பின்னிவிடுகிறார்கள், பழம் கூடையின் உள்ளே ஒளிந்து பழுக்கும். இந்த முறைக்குக் குலூரா என்று பேர். கூடை முதிர்ந்து வலுவிழந்தால் வேரோடு பிடுங்குவதில்லை, மேல்பகுதியை வெட்டிவிட்டு அதே வேரிலிருந்து புதிதாகத் தொடங்குவார்கள். வேரின் வயது கொடியின் வயதைவிடப் பல மடங்கு.

இங்கே விளையும் வெள்ளைத் திராட்சையான அசிர்டிகோவுக்கு ஒரு விசேஷம் உண்டு. வெப்ப நாட்டு வெள்ளைத் திராட்சைகள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழந்துவிடும். இது 14 சதவீதம் ஆல்கஹாலைத் தொட்டபின்னும் பல்லைக் கூசவைக்கும் புளிப்போடு நிற்கும். வெள்ளையாக இருந்தாலும் வாயில் ஒரு பிடிப்பு இருக்கிறது, ஏறக்குறைய இளஞ்சிவப்பு ஒயின்போல. அதனால் இதை "மீனுக்கு வெள்ளை" என்கிற பெட்டிக்குள் அடைக்காதீர்கள். கரியில் சுட்ட ஆக்டோபஸ், தக்காளிப் பொரியலான தொமதோகெஃப்தேதெஸ், மசித்த ஃபாவாப் பருப்பின் மேல் வெங்காயமும் கேப்பர் மொக்கும், தீவின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியான குளோரோ எல்லாம் இதற்கு இயல்பான துணை. ஃபாவா விஷயம் சுவாரஸ்யமானது. மசித்த பருப்புக்கு ஓட்டமில்லாத கனம், அதைக் கிளப்பிவிட இந்த அளவு புளிப்புத் தேவைப்படுகிறது. எலுமிச்சை பிழிந்து சுட்ட ஆட்டிறைச்சிக்கும் ஒரு சிவப்பு ஒயினைவிட இதுவே எடுப்பாக இருக்கும்.

எட்னா வெள்ளையா, இதுவா என்று நிஜமாகவே திணறுகிறவர்களுக்குச் சொல்கிறேன். தட்டில் கரியும் எண்ணெயும் பொரித்ததும் என்றால் சாண்டோரினி. வேகவைத்த மீன், இறால், பச்சை மூலிகை, பிரோந்தேயின் பிஸ்தா அரைத்த பாஸ்தா என்று மென்மையான பக்கம் போனால் எட்னா வெள்ளை. சாண்டோரினியை அங்கே வைத்தால் சாப்பாட்டை மூடிவிடும்.

செலவுப் பக்கம் வருவோம். எரிமலை ஒயின்களில் இப்போது விலை ஏற்றம் அதிகம் உணரப்படுவது இங்கேதான். கொடிகள் வயதானவை, விளைச்சல் ஏற்கெனவே சொற்பம், அண்மை வருடங்களின் வறட்சியும் வெப்பமும் அதை இன்னும் சுருக்கிவிட்டன. விடுதி கட்டும் நிலத்துக்கும் திராட்சை நிலத்துக்கும் போட்டி வேறு. எனவே லேபிளைக் கூர்ந்து படியுங்கள். "அசிர்டிகோ" என்பது திராட்சையின் பேர் மட்டுமே. அதே திராட்சை இன்று கிரேக்கப் பெருநிலத்திலும் கிரீட் தீவிலும், ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில்கூட விளைகிறது. அவற்றில் நல்லவை உண்டு, ஆனால் மலிவான "அசிர்டிகோ" பாட்டிலைச் சாண்டோரினி என்று நம்பி வாங்கினால் அந்தப் பிடிப்பு கிடைக்காது. "சாண்டோரினி" என்ற சொல் லேபிளில் இருக்க வேண்டும். "நிக்தேரி" என்றிருந்தால் அது பழுத்த பழத்தில் செய்து மரப்பீப்பாயில் சில மாதம் வைத்தது, கனமாக இருக்கும், பசிக்கு முன் பருகுவதற்கு ஏற்றதல்ல.

இன்னொன்று, ரொம்பக் குளிரவைக்காதீர்கள். 10–12 டிகிரிக்குக் கீழே போனால் புளிப்பு மட்டும்தான் எஞ்சும்.

## வெசுவியஸ்: கவலையில்லாத பாட்டில்

கி.பி. 79இல் பொம்பெய்யை மூடியதும், 1944இல் கடைசியாகக் கக்கியதும் இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே உள்ள இதே மலைதான். அதன் சரிவில் விளைவது "லக்ரிமா கிறிஸ்தி". சிவப்பில் பெரும்பங்கு பியேதிரோஸ்ஸோ திராட்சை, கொஞ்சம் அக்லியானிகோ. வெள்ளையில் கப்ரெத்தோனேயும் கோதா தி வோல்பேயும்.

எட்னாவோடு ஒப்பிட்டால் இதன் சிவப்பு எளிமையானது. அதுவே அதன் பலம். துவர்ப்பு குறைவு, பழச்சாறு அதிகம், கொஞ்சம் குளிரவைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். வெசுவியஸின் பியென்னோலோ தக்காளி கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுப் பாதுகாக்கப்படுவது, தோல் கெட்டி, சாறு செறிவானது. அந்தத் தக்காளியில் செய்த ஸ்பகெட்டி, நேப்பிள்ஸின் பிட்சா, தொத்திறைச்சியும் கசப்புக் கீரையான ஃபிரியாரியெல்லியும், தக்காளி ஆலிவ் கேப்பரோடு வெந்த ஆக்டோபஸ் எல்லாவற்றுக்கும் இது ஒத்துப்போகும். கடைசியில் சொன்னது முக்கியம்: சிவப்பு ஒயினைக் கடலுணவோடு வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலிலேயே ஆபத்துக் குறைந்தது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. பேரின் புகழுக்காகவே விற்கிற ஒயின் இதில் நிறைய உண்டு, சுற்றுலாப் பயணியைக் குறிவைத்த மந்தமான பாட்டில்கள். வெறும் "வெசுவியோ" என்றால் அடிப்படைத் தரம். "லக்ரிமா கிறிஸ்தி தெல் வெசுவியோ" என்றால் ஆல்கஹால் குறைந்தது 12 சதவீதம் என்ற விதி உண்டு, ஆனால் விதி ருசிக்கு உத்தரவாதம் தராது. தயாரிப்பாளரின் பேரைப் பார்த்து வாங்குங்கள். நாலைந்து பேர் நாலு விதமான தட்டோடு உட்காரும் மேசையா, எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலா? எட்னாவுக்கு முன் இதைத்தான் எடுப்பேன்.

## கேனரித் தீவுகள்: லான்சரோட்டேயும் டெனெரீஃபும்

1730 முதல் 1736 வரை லான்சரோட்டேயில் தொடர்ந்து எரிமலை வெடித்தது, தீவின் நாலில் ஒரு பங்கு நிலம் புதைந்துபோனது. தானியம் விளைந்த இடத்தில் இனி எதுவும் முளைக்காது என்ற நிலையில், கறுப்புச் சரளைக்குக் கீழே பழைய மண் இருப்பதைக் கண்டு குழி தோண்டி ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொடி வைத்தார்கள். காற்றைத் தடுக்கக் குழியின் விளிம்பில் அரைவட்டக் கல்சுவர். லா ஹேரியா பகுதி முழுக்க இந்தக் குழிகள்தான். வருடத்துக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழைதான், சரளைதான் ஈரத்தைக் காக்கிறது. குழிக்குள் இயந்திரம் இறங்காது. ஒரு ஹெக்டேரில் சில நூறு கொடிகள்தான், அத்தனையும் கைவேலை. விலை ஏன் கொஞ்சம் கடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மல்வாசியா வோல்கானிகா என்ற திராட்சையின் ஒயினில் பூவும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும், முடிவில் உப்பு. புளிப்பு சாண்டோரினி அளவுக்கு வராது. கேனரியின் உப்புநீரில் சுருங்கவிட்ட சின்ன உருளைக்கிழங்கும் மோஹோவும் இதன் இயல்பான ஜோடி. மோஹோவில் பூண்டு, சீரகம், வினிகர், மிளகாய் எல்லாம் உண்டு. துவர்ப்புள்ள எந்த ஒயினும் அங்கே அடிபடும், மணமுள்ள வெள்ளை நிற்கும். கிளிமீன் சுட்டதற்கும் ஃபூவெர்த்தெவெந்தூராவின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்கும் பொருந்தும். ஒன்று மட்டும்: இந்த ஒயினை வாங்கிப் பத்திரப்படுத்தாதீர்கள், மணம் போய்விட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

டெனெரீஃப் வேறு கதை. 3,715 மீட்டர் உயரமான தெய்தே மலையின் சரிவில், ஒரோத்தாவா பள்ளத்தாக்கில், கொடிகளைப் பல மீட்டர் நீளத்துக்குச் சடையாகப் பின்னிக் கட்டுவார்கள். அங்கே விளையும் லிஸ்தான் நெக்ரோ திராட்சை தருவது மிளகும் புகையுமான மெல்லிய சிவப்பு. முயலை ஊறவைத்துச் சமைக்கும் சல்மொரேஹோவுக்கு எட்னாவைவிட இதுவே கச்சிதம், ஏனென்றால் துவர்ப்பு குறைவு, மசாலாவோடு சண்டை போடாது. முதலில் சொன்ன தீக்குச்சி வாசனை இங்கேதான் அடிக்கடி வரும். பிடிக்காதவர்களுக்குக் கொஞ்ச நேரம் குடுவையில் ஊற்றி வைத்தால் தணிந்துவிடும்.

## பிக்கோ: தேடிப் போகிறவர்களுக்கு

அசோரஸ் தீவுகளில் 2,351 மீட்டர் உயர எரிமலை ஒன்று கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. அதன் அடியில், அலை தெறிக்கும் தூரத்தில், கறுப்புக் கல் அடுக்கிய குட்டிக் குட்டிக் கட்டங்களுக்குள் கொடி. 2004இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 19ஆம் நூற்றாண்டில் நோய்கள் தாக்கித் தோட்டங்கள் வீழ்ந்தன, பிறகு நெடுங்காலம் இசபெல்லா போன்ற கலப்பினத் திராட்சைகளில் மக்கள் தங்களுக்கென்று ஒயின் செய்துகொண்டார்கள். வெர்தெல்யோ, அரிந்தோ தோஸ் அசோரெஸ், தெரந்தெஸ் தோ பிக்கோ ஆகிய பழைய வெள்ளை ரகங்கள் மீண்டு எழுந்தது அண்மையில்தான்.

பூண்டு வெண்ணெயில் சுட்ட லப்பாஸ் சிப்பியோடு இதன் கூர்மையான புளிப்பும் உப்பும் அபாரம். பக்கத்துத் தீவின் சாவோ ஜோர்ஜ் பாலாடைக்கட்டி காரசாரமானது, அதற்கும் இது தாங்கும். ஆனால் அளவு மிகச் சிறியது, விலை உயர்ந்தது. சாண்டோரினியை ஏற்கெனவே நன்றாகப் பழகியவர்கள் அடுத்து என்ன என்று தேடும்போது இதற்கு வரலாம். முதல் பாட்டிலாக இது வேண்டாம். ஒரு லேபிள் பொறி இங்கும் உண்டு: போர்ச்சுகல் பெருநிலத்து அரிந்தோவும் அசோரஸின் அரிந்தோவும் வெவ்வேறு திராட்சைகள், பேர் மட்டும் ஒன்று.

## சாப்பாட்டின் கடைசியில் இனிப்பு வேண்டுமென்றால்

இந்தக் கேள்வி தனி, ஏனென்றால் இங்கே போட்டி சுருங்கிவிடுகிறது. லான்சரோட்டேயில் இனிப்பு மல்வாசியா உண்டு, 1775இல் தொடங்கிய எல் கிரீஃபோ போன்ற பழைய நிலையங்களும் செய்கின்றன. லேசான இனிப்பும் பழமணமும் போதும் என்றால் அதுவே சரி, பாதாம் பலகாரங்களோடு நன்றாக இருக்கும்.

கனமான இனிப்புக்கு சாண்டோரினியின் வின்சாண்டோ. பழுத்த திராட்சையைப் பல நாள் வெயிலில் உலர்த்திப் பிழிகிறார்கள். குறைந்தது 51 சதவீதம் அசிர்டிகோ, பீப்பாயில் குறைந்தது இரண்டு வருடம். காய்ந்த அத்தி, காப்பி, கேரமல் எல்லாம் வரும், ஆனால் அசிர்டிகோவின் புளிப்பு அடியில் இருப்பதால் திகட்டாது. நீலப் பூஞ்சணப் பாலாடைக்கட்டிக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் ஈடுகொடுக்கும் இனிப்பு ஒயின்கள் அதிகம் இல்லை, இது ஈடுகொடுக்கும். வாங்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். "வின்சாண்டோ" என்று சேர்த்து எழுதியிருந்தால் சாண்டோரினி. "வின் சாண்டோ" என்று பிரித்து எழுதியிருந்தால் அது இத்தாலியின் டஸ்கனிப் பக்கத்து ஒயின், வேறு திராட்சை, வேறு முறை.

இதன் பாட்டில் பெரும்பாலும் சிறியது, விலை அதிகமாகத் தோன்றும். ஆனால் ஒருவருக்கு ஒரு சின்னக் கோப்பைக்கு மேல் தேவைப்படாது. திறந்த பிறகும் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும், ஒரே விருந்தில் தீர்த்துவிட வேண்டிய அவசரம் இல்லை.